ஆனா சாருக்கு ஒரு பையன்

"பையன் பேரு?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அம்மாள் கேட்டபோதுதான், பெயரை மட்டும் யோசிக்காமல் வந்துவிட்டோம் என்பது ஆனா சாருக்கு உறைத்தது.

வயதை யோசித்திருந்தார். எந்தப் படிப்பு என்று யோசித்திருந்தார். பையனுக்குக் கணக்கு வராது என்பதைக்கூட பஸ்ஸில் வரும்போது முடிவு செய்திருந்தார். பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

"பேரு சார்."

அவர் அண்ணாந்து பார்த்தார். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகத்தில் அதைச் செய்த கம்பெனியின் பெயர் அழகான எழுத்தில் இருந்தது. அதைச் சொன்னார்.

கவுன்டர் அம்மாள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுத் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நல்ல பேரு. எங்க கடிகாரத்துக்கும் இதே பேருதான்."

"அவன் பொறந்த நேரம் அப்படிம்மா" என்றார் ஆனா சார்.

அவர் ஒரு தனியார் வங்கியில் கல்விக் கடன் பிரிவின் துணை மேலாளர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருவரிடமும் 'இல்லை' என்று சொன்னதில்லை. "கொடுத்துடலாம், ஆனா..." என்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கேட்டவர்கள் தாங்களாகவே எழுந்து மாடிப்படி இறங்கிப் போய்விடுவார்கள். வங்கியில் எல்லோரும் அவரை ஆனா சார் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அது தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. இனிமேல் மாணவர்களுக்கு அரசாங்கமே நேராகக் கடன் கொடுக்கும், நடுவில் வங்கிகள் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஊரில் இருந்த வங்கிகள் எல்லாம் ஒரே நாளில் கதி கலங்கின. ஆனா சாரின் பிரிவை வருஷக் கடைசியில் மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நேரம் வரவேயில்லை.

அப்போதுதான் மண்டல மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அரசாங்கம் ஒரு கடன் ஆபீஸ் திறந்திருக்கு. ஒரு அப்பா மாதிரி அங்க போங்க."

"நான் அப்பாதான் சார். ஒரு பொண்ணு இருக்கு. எட்டாவது படிக்குது."

"எட்டாவதுக்கு எவன் கடன் கொடுப்பான்? காலேஜ் போற ஒரு பையனுக்கு அப்பாவாப் போங்க. எங்க இழுத்தடிக்கிறாங்க, எத்தனை தடவை அலைய விடறாங்க, யார் யார் கண்ணீர் விடறாங்க, எல்லாம் எனக்கு எழுத்துல வேணும். மந்திரி கையிலயே நேரா கொடுத்துடறேன். அப்புறம் திட்டத்தையே கிடப்புல போட்டுடுவாங்க. நம்ம பிரிவும் பொழச்சுக்கும்."

"சரி சார்."

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. வீட்டுலயும்தான்."

வீட்டில் மூச்சு விடாமலிருப்பது ஆனா சாருக்குப் புதிதல்ல.

போன முதல் நாளே மனசு குளிர்ந்தது. வரிசை கவுன்டரில் தொடங்கிக் கூடத்தைச் சுற்றி வாசல்வரை போயிருந்தது. களைத்த முகங்கள். கைக்குக் கை காகிதப் பைகள். அவரும் வீட்டுப் பத்திரத்திலிருந்து குழாய் வரி ரசீதுவரை ஒரு பை நிறையத் திணித்துக்கொண்டு வந்திருந்தார். எதைக் கேட்டாலும் இருக்கும். அப்படியும் ஏதாவது ஒன்று இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அவராக இருந்தால் அனுப்பியிருப்பார்.

கவுன்டர் அம்மாள் பெயரைக் கேட்டாள், படிப்பைக் கேட்டாள், பேனாவை மூடிவிட்டாள்.

"வேற?" என்றார் ஆனா சார்.

"வேற ஒன்னும் இல்ல சார்."

"ஜாமீன் கையெழுத்து?"

"வேண்டாம்."

"வீட்டுப் பத்திரம் கொண்டு வந்திருக்கேன்."

"பத்திரமா வெச்சுக்குங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "எனக்கே ரெண்டு கடன் இருக்கும்மா. அதை முதல்லயே சொல்லிடறேன்."

"கடன் உங்களுக்கு இல்லையே சார், பையனுக்குத்தானே?"

"அவனுக்குக் கணக்கு சுத்தமா வராது."

"காலேஜ்ல சேத்துக்கறாங்கன்னா எங்களுக்கு அது போதும்."

"படிச்சு முடிச்சு வேலை கிடைக்கலைன்னா?"

"கிடைச்சப்புறம் கட்டட்டும்."

இருபது வருஷமாக ஆனா சார் மற்றவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் தன்னைப் பார்த்துத் தானே கேட்டாயிற்று. ஒன்றுகூட நிற்கவில்லை.

"கடன் ரெடி சார். பையன் நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றாள் அந்த அம்மாள்.

கண்ணாடிக்கு மேலே, பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம் என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஆனா சார் அதைப் படிக்காத மாதிரி படித்துவிட்டு வெளியே வந்தார்.

மண்டல மேலாளர் அறிக்கையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஒரே நாள்ல கொடுத்துட்டாங்களா? என்னய்யா ஆபீஸ் அது?"

"வரிசை இருந்துது சார். வாசல் வரைக்கும்."

"அது!" என்று மேசையைத் தட்டினார். "அதை எழுதுங்க. தினமும் போய் எழுதுங்க. வரிசையில நிக்கிறவங்ககிட்ட பேசுங்க. யாராவது ஒருத்தர் வயிறெரிஞ்சு பேசணும். அவர் சொன்னதை அப்படியே போடணும்."

மறுநாள் வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு பெரிய மீசைக்காரர் நின்றுகொண்டிருந்தார். யாரும் கேட்காமலேயே பெருமூச்சு விட்டார்.

"பொண்ணுக்கு மிருக வைத்தியம் படிக்கணுமாம்" என்றார் மீசைக்காரர். "வீட்டுல ஒரு பூனைக்குட்டி கிடையாது. எங்கிருந்து இந்த ஆசை வந்துதோ. உங்களுக்கு?"

"பையன். கணக்கு வராது."

"பாவம். அலைய விடறாங்களா?"

"இன்னிக்கு ரெண்டாவது நாள். உங்களை?"

"நான் ஒரு வாரமா வர்றேன் சார். வட்டி மேல வட்டி போட்டா என்ன ஆகும், தவணை தவறினா அபராதம் என்ன, எதையும் தெளிவாச் சொல்ல மாட்டேங்கிறாங்க. பேங்க்ல இருந்தப்ப எவ்வளவு நல்லா இருந்துது! கௌரவமா உக்கார வெச்சுப் பேசுவாங்க."

ஆனா சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் வங்கியைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் இப்படிப் பேசி அவர் கேட்டதேயில்லை. மீசைக்காரர் அவர் கண்ணைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் குறித்துக்கொண்டார். பால் கணக்காக இருக்கும் என்று ஆனா சார் நினைத்தார்.

அவருடைய முறை வந்தது.

"பையன் வரலையா சார்?"

"உடம்பு சரியில்லம்மா. காய்ச்சல்."

"அப்ப நாங்களே வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கறோம்."

"தொத்திக்கும்."

"எங்க பியூனுக்கு ஒன்னும் தொத்தாது சார். நல்ல உடம்பு."

"அது வந்து... அவன் வீட்டுல இல்ல. கோவிச்சுக்கிட்டுச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டான்."

"காய்ச்சலோடயா?"

"காய்ச்சல் வந்ததுலதான் கோவமே."

அந்த அம்மாள் கையை மோவாயில் ஊன்றிக்கொண்டாள். "என்ன சொல்லித் திட்டினீங்க?"

ஆனா சார் யோசித்தார். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். "எந்நேரமும் படம் வரைஞ்சுக்கிட்டே இருப்பான். அதைத் தூக்கிப் போட்டுட்டுப் படிடான்னேன்."

"வரையட்டுமே சார்" என்றாள் அந்த அம்மாள், மிகவும் மெதுவாக. "ஒரே பையன்."

அவர் வெளியே வந்து நெடுநேரம் பஸ் நிறுத்தத்தில் நின்றார். திட்டியிருக்க வேண்டாம் என்று பட்டது. இத்தனைக்கும் பையன் நன்றாகத்தான் வரைவான். குதிரை, கப்பல், வயதானவர்களின் முகம். எதிரே எழுதுபொருள் கடை இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே உள்ளே போய் ஒரு பெட்டி வண்ணப் பென்சில் வாங்கினார்.

வீட்டில் மகள் அதைப் பையிலிருந்து எடுத்தாள்.

"யாருக்குப்பா?"

"உனக்குத்தான்."

"நான் எப்பப்பா படம் வரைஞ்சேன்?"

சமையலறையிலிருந்து மனைவி தலையை நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் எங்கேயோ எழுதி வைத்துக்கொள்கிறாள் என்று அர்த்தம்.

அந்த வாரம் முழுக்க ஆனா சார் தினமும் போனார். மீசைக்காரரும் தினமும் வந்தார். இருவரும் இப்போது நண்பர்கள். ஒருவர் வரும்வரை மற்றவர் இடம் பிடித்து வைத்தார்கள். வரிசையில் மற்றவர்களும் முகம் பழகிவிட்டார்கள்: இசை படிக்கப் போகும் இரட்டையர்களின் தாய், தம்பி மகனுக்காக வந்த வழுக்கைத் தலைக்காரர். எல்லோரும் சளைக்காமல் குறை சொன்னார்கள். அறிக்கையில் மீசைக்காரர் 'பாதிக்கப்பட்ட தந்தை ஒருவர்' ஆனார்.

"அழுதாரா?" என்று கேட்டார் மண்டல மேலாளர்.

"குரல் கம்முச்சு சார்."

"அழுதார்னு போடுங்க."

ஒரு நாள் மீசைக்காரர் ரொம்ப உரிமையோடு தோளில் கை போட்டார். "நம்ம பசங்க ஒரே வருஷத்துலதானே காலேஜ் சேரப் போறாங்க. பையனை ஒரு தடவை பார்க்கணுமே. வீடு எங்க?" நட்பின் வேகத்தில் ஆனா சார் விலாசத்தைச் சொல்லிவிட்டார். யார் வரப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை மீசைக்காரர் வந்துவிட்டார்.

ஆனா சார் அப்போது குளியலறையில் இருந்தார். தலை முழுக்கச் சோப்பு. வாசலில் கேட்ட குரலை அடையாளம் கண்டுகொண்டபோது காரியம் பாதி முடிந்துவிட்டது.

"பையன் வந்துட்டானாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் மீசைக்காரர்.

"எந்தப் பையன்?" என்றாள் மனைவி.

"உங்க பையன்தான். கோவம் தீர்ந்துதா? சார் அவனைப் பத்திச் சொல்லாத நாளே இல்ல. என்ன அழகா வரைவானாம்!"

"எங்களுக்கு ஒரே பொண்ணு."

மீசைக்காரர் கொஞ்சம் தடுமாறி, கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். "இவ்வளவு கஷ்டத்துலயும் வீட்டை எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"என்ன கஷ்டம்?"

ஆனா சார் சோப்போடு வெளியே ஓடி வந்தபோது மீசைக்காரர் போயிருந்தார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் பென்சில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு அண்ணனாப்பா, தம்பியா?" என்று கேட்டாள் மகள்.

"நீ உள்ள போ" என்றாள் மனைவி. அவள் போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் உண்மையை எடுத்தால், கூடவே பிரிவு மூடப்போவதும் கையோடு வரும். ஆனா சார் சோப்பைத் துடைத்துக்கொண்டார்.

"அது... என்கூட வேலை பார்த்தவரோட பையன். அவர் தவறிட்டார். பையன் படிப்பை நான் பார்த்துக்கறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அவன் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா அரசாங்கக் கடன் கிடைச்சுடும், அதுக்குத்தான் தினமும் அந்த ஆபீஸுக்குப் போறேன்."

"அவன் அம்மா?"

"இருக்காங்க."

மனைவியின் புருவம் ஏறியது.

"இல்ல, இருந்தாங்க" என்றார் அவசரமாக.

"இருக்காங்களா, இருந்தாங்களா?"

"அவங்களும் போயிட்டாங்க. கூடவே."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் தயாரானார். திட்டியிருந்தால் தேவலை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"ஏங்க, அப்பா அம்மா இல்லாத பிள்ளையை எங்கேயோ விட்டுட்டு, நீங்க மட்டும் மூணு வேளையும் இங்க வந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா? என்கிட்ட சொன்னா நான் வேண்டாம்னா சொல்லுவேன்?"

அன்று மாலைக்குள் மாடி அறையிலிருந்த பழைய சாமான்கள் வெளியேறின. ஜன்னலுக்குப் புதுத் திரை வந்தது. உத்தேசமாக அளவு சொல்லி ஒரு சட்டை வாங்கப்பட்டது. பையன் ஒல்லியா, குண்டா என்று மனைவி கேட்டாள். "ஒல்லி" என்றார் ஆனா சார், யோசிக்காமலே. அது அவருக்குத் தெரிந்திருந்தது. மகள் தான் சீவிய இரண்டு பென்சில்களையும் கழுவித் துடைத்துப் பெட்டியில் திரும்ப வைத்தாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். கையெழுத்துப் போட அவன் அங்கதானே வருவான்? அப்படியே கையோட கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை அவர்கள் வரிசையில் நின்றார்கள். மனைவி புதுச் சட்டைப் பொட்டலத்தை கையில் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டிருந்தாள். இரண்டு ஆள் பின்னால் மீசைக்காரர் நின்று, அவளைப் பார்த்ததும் கும்பிடு போட்டார். மனைவி வாசலில் யார் நுழைந்தாலும் எட்டிப் பார்த்தாள்.

"வந்துடுவானில்ல?"

"வருவான்."

"பசியோட வந்தா என்ன பண்றது? ஏதாவது வாங்கி வைங்களேன்."

வரிசை நகர்ந்தது. அது ஏன்தான் இவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்று ஆனா சார் முதல் முறையாக வருத்தப்பட்டார்.

"வாங்க சார். பையன் வந்தாச்சா?" என்றாள் கவுன்டர் அம்மாள்.

"அவன் வரமாட்டான்."

"ஏன், இன்னும் கோவமா?"

"அவன்..." ஆனா சார் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். பையனை ஊருக்கு அனுப்பிவிடலாம், இன்னொரு காய்ச்சல் கொடுக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் சாகடித்துவிடலாம். மூன்றையும் நினைத்துப் பார்த்தார். மூன்றாவதை நினைத்ததும் அந்தப் பென்சில் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"அவன் இல்லம்மா. எனக்குப் பையனே கிடையாது. யார் பையனும் கிடையாது. நான் பேங்க்ல வேலை பார்க்கறேன். கல்விக் கடன் பிரிவு. உங்க ஆபீஸ்ல குத்தம் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பினாங்க. வருஷக் கடைசியில எங்க பிரிவை மூடப் போறாங்க. வேலை போயிடுமேன்னு பயத்துல வந்தேன்."

மனைவி பொட்டலத்தைக் கவுன்டர் பலகையில் வைத்தாள்.

"வேலை போகப் போகுதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்றதை விட, ஊருக்குள்ள ஒரு பையன் இருக்கான்னு சொல்றது உங்களுக்கு சுலபமா இருந்துதா?"

"ஆமா" என்றார் ஆனா சார். அதுதான் உண்மை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேலைக்காகவா, பையனுக்காகவா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. ஆனால் அவள் நகர்ந்து போகவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றாள்.

ஆனா சார் கண்ணாடியின் ஓட்டைக்கு அருகே குனிந்தார்.

"என்னை என்ன வேணா பண்ணுங்கம்மா. போலீஸைக் கூப்பிட்டாலும் சரி. ஆனா ஒன்னு மட்டும் மனசை அறுக்குது. பின்னாடி நிக்கிறாங்களே, உண்மையான அப்பா அம்மாங்க, தினமும் அவங்க நேரத்தை நான் வீணடிச்சுட்டேன். அந்த மீசைக்காரர் ரெண்டு வாரமா அலையறார். அவர் பொண்ணுக்காவது முதல்ல முடிச்சுக் கொடுங்க."

கவுன்டர் அம்மாள் எழுந்து வரிசையை ஒரு தடவை கடைசிவரை பார்த்தாள். உட்கார்ந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்க சார், படிக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் காலேஜ்லயே வெச்சுக் கடன் கொடுத்து முடிச்சு மாசம் ஒன்னாச்சு, பின்னாடி நிக்கிறது அத்தனையும் ஆளுக்கொரு பேங்க், அவங்க காதுல விழுந்து கலைஞ்சு போயிட்டாங்கன்னா என் கவுன்டரை மூடிடுவாங்க."